முப்பத்தெட்டாம் நம்பர் க்ளிப்

மீரான் மைதீனுக்கு ஏரோப்ளேன் பைத்தியம் என்று யாராவது சொன்னால் விடமாட்டான். ஏரோப்ளேன் வேறு, ரேஸ் ப்ளேன் வேறு என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவான். அதிலும் எல்லா ரேஸ் ப்ளேனும் கிடையாது. முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் பறந்தவை மட்டும்தான் அவன் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவனுக்குப் பஸ் மாதிரி.

டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் எனக்குப் பக்கத்து க்யூபிக்கிளில் உட்கார்ந்திருந்தான். ஊர் மேலப்பாளையம். நான் மதுரை. அவனை விட நாலு வயது பெரியவள் என்பதால் முதல் நாளிலேயே 'கலாவதி மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. எனக்கு விமானம் என்றால் மெட்ராஸ் போய்ச் சேரும் வரை கால் மடக்கி உட்காரும் தண்டனை, அவ்வளவுதான். என்னிடம் போய் இவன் ரேஸ் கதை சொன்னான் என்றால் அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள்.

இந்தப் பித்து அவனுக்கு மேலப்பாளையத்தில் பிடித்ததில்லை. தொண்ணூறுகளில் இங்கே வந்து இறங்கியபோது கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. டெக்ஸாஸில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். அவன் அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது பப்ளிக் லைப்ரரி ஒன்றுதான். சனி ஞாயிறு முழுக்க அங்கேயே கிடப்பான். ஒரு நாள் ஏதோ ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தபோது, பீப்பாய்க்கு இறக்கை முளைத்த மாதிரி ஒரு ப்ளேனின் படம். முன்பக்கம் முழுக்க எஞ்சின், பின்பக்கம் வாலுக்கு ஒட்டினாற்போல ஆள். இது எப்படிப் பறக்கும் என்று யோசித்தவன், அன்றைக்கு லைப்ரரியைப் பூட்டும் வரை எழுந்திருக்கவில்லையாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு அந்தக் கதைகள்தான். கிளீவ்லண்டில் உயரமான கம்பங்களை நட்டு வைத்திருப்பார்களாம். ப்ளேன்கள் தரையை உரசுகிற மாதிரி தாழப் பறந்து அந்தக் கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வருமாம். ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்து அண்ணாந்து பார்ப்பார்களாம். 1929-ல் ராணுவமும் கடற்படையும் அனுப்பிய ப்ளேன்களை ஒரு சாதாரண கம்பெனியின் ப்ளேன் மண்ணைக் கவ்வ வைத்ததைச் சொல்லும்போது, இவனே போய் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி தயிர்சாதத்தை மறந்துவிடுவான். அந்தப் பீப்பாய் ப்ளேன் ஜெயித்ததையும் சொல்வான், ஓட்டியவர்களில் பலரைக் கொன்றதையும் சொல்வான். ஐரோப்பாவில் கடலில் இறங்கி ஏறும் ப்ளேன்களை வைத்துக்கொண்டு இங்கிலாந்தும் இத்தாலியும் ஒரு கோப்பைக்கு முட்டி மோதியதும் எனக்குத் தெரியும். எல்லாம் அவன் தயவு.

எனக்குப் பிடித்த கதை ஒன்றே ஒன்று. 1936-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரேஸ். இரண்டு பெண்கள் ஒரு ப்ளேனில் வந்து இறங்கினார்கள். நாம்தான் கடைசி என்று நினைத்து ஓரமாகப் போனார்களாம். ஆட்கள் ஓடி வந்து நீங்கள்தான் முதல் என்றார்களாம். "இதை மட்டும் தினமும் சொல்லு, கேக்குறேன்" என்பேன்.

அவனுக்குப் பிடித்தது மிஸ்டர் மல்லிகன். ஆள் பெயரில்லை, ப்ளேன் பெயர். மற்ற ரேஸ் ப்ளேன்களில் ஓட்டுபவனே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். வெள்ளை நிற மல்லிகனில் கதவு, ஜன்னல், நாலு சீட்டு எல்லாம் உண்டு. குடும்பத்தோடு ஏறிப் போகிற வண்டி. அது 1935-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளீவ்லண்டுக்குப் பறந்து, அரை நிமிஷம்கூட இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தது. அதே வாரம் கம்பம் சுற்றும் ரேஸிலும் ஜெயித்தது. "நாலு சீட்டை வச்சுக்கிட்டு ஜெயிச்சுதுக்கா. யாரையும் இறக்கி விடல" என்று சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி இறங்கும். கல்யாணமான புதிதில் அமீருன்னிசாவை மூன்று வருஷம் ஊரில் விட்டுவிட்டு இங்கே இருந்தவன் அவன். அதனால் எனக்கு அது புரிந்தது.

விசா கிடைத்து அமீருன்னிசா வந்து, ஃபைஹா பிறந்து, வீடு வாங்கிய பிறகு, கராஜில் உட்கார்ந்து அந்த மல்லிகனைச் செய்தான். பால்சா மரமும் துணியும். இறக்கை கிட்டத்தட்ட என் உயரம். குட்டி எஞ்சின், ரேடியோவில் ஓட்டுவது. உள்ளே நாலு சீட்டு. முன்னால் ஒரு மீரான் பொம்மை, பக்கத்தில் முக்காடு போட்ட அமீருன்னிசா, பின்னால் இரட்டைப் பின்னல் ஃபைஹா. உருவத்துக்கு முகம் வைக்கக் கூடாது என்று அமீருன்னிசா சொல்லிவிட்டதால் மூன்றுக்கும் கண் மூக்கு கிடையாது. ஆனாலும் யார் யாரென்று பார்த்ததும் தெரியும். நாலாவது சீட்டு காலியாக இருந்தது. நிஜ மல்லிகன் என்ன ஆயிற்று என்று அமீருன்னிசா ஒரு தடவை கேட்டபோது, வயசாகி ரிடையர் ஆகிவிட்டது என்றான். அது அடுத்த வருஷமே நியூ மெக்ஸிகோவில் விழுந்து நொறுங்கியது என்று என்னிடம் சொல்லியிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் மல்லிகனை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்புவான். ஊருக்கு வெளியே ஏரி ஓரமாக ஒரு புல்வெளி. மாடல் ப்ளேன் கிளப். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் ரிடையர் ஆனவர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு சேனல் நம்பர். ஒரே நம்பரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆன் பண்ணினால் மேலே இருக்கிற ப்ளேன் குழம்பிப் போய்க் கீழே விழுந்துவிடும். அதற்காக ஒரு பலகையில் நம்பர் எழுதிய மரக் க்ளிப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார்கள். துணி உலர்த்துகிற அதே க்ளிப்தான். உன் நம்பர் க்ளிப்பை எடுத்து ரேடியோவின் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம். இறக்கியதும் திருப்பி வைக்க வேண்டும். க்ளிப் பலகையில் இல்லையா, வாயை மூடிக்கொண்டு காத்திரு.

மீரானின் நம்பர் முப்பத்தெட்டு. கிளப்பில் அதே நம்பர் இன்னொருவருக்கும் இருந்தது. டுவெய்ன் என்று ஒரு பெரியவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ஒரே நம்பர் என்பதால் இருவரும் சேர்ந்து ரேஸ் விடவே முடியாது. ஒருவர் பறக்கவிட்டால் மற்றவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும். வெறுங்கையோடு நின்ற நேரத்தில்தான் சிநேகம் பிடித்தது. கிளப்பிலும் கம்பம் நட்டு மாடல் ரேஸ் விடுவார்கள்; அதில் ஓட்டுபவன் கண்ணை ப்ளேனிலிருந்து எடுக்க முடியாது. எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்ல முதுகுக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். மீரானுக்கு டுவெய்ன், டுவெய்னுக்கு மீரான். அஞ்சு வருஷம் அப்படி ஓடியது. சனிக்கிழமை தவிர இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. டுவெய்ன் வீடு எங்கே என்றுகூட இவனுக்குத் தெரியாது.

2001 செப்டம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமையும் அப்படித்தான் போய் வந்தான். செவ்வாய்க்கிழமை உலகம் தலைகீழானது. அன்றைக்கு ஆபீஸில் எல்லாரும் டிவி முன்னால் நின்றோம். மீரான் பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றான். டிவியில் ப்ளேன் கோபுரத்தில் மோதியதும், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவன் மாதிரி அவன் தலை குனிந்துகொண்டதை நான் கவனித்தேன். எனக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

அதற்கப்புறம் வீட்டு ஆன்சரிங் மெஷினில் இரண்டு கெட்ட போன்கள். உடனே நம்பரை மாற்றினார்கள். அமீருன்னிசாவைக் கடையில் ஒருத்தி முறைத்துப் பார்த்து ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று கடைசி வரை அமீருன்னிசா சொல்லவில்லை. ஒரு நாள் கோட் போட்ட இருவர் வீட்டுக்கு வந்து அரசாங்க அட்டையைக் காட்டி, கராஜில் இருக்கும் ப்ளேனைப் பற்றி மரியாதையாகவே விசாரித்தார்கள். மீரான் 1935-ம் வருஷத்துக் கதையெல்லாம் சொல்ல, அவர்கள் தலையாட்டிக் கேட்டு, டீ குடித்து, தேங்க்ஸ் சொல்லிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று சாயங்காலமே அவன் கராஜ் சுவரில் இருந்த ரேஸ் படங்களைக் கழற்றினான். மல்லிகனின் இறக்கையைப் பிரித்து, பெட்ஷீட்டில் சுற்றி மூலையில் வைத்தான். கிரீன் கார்டு ஃபைல் பாதியில் இருக்கும்போது எதற்கு வம்பு என்று அமீருன்னிசா அழுதாள். எனக்கு அந்தக் கோட்காரர்கள் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. மரியாதையாக வந்துவிட்டுப் போனதுதான் அதிகக் கோபம், திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அவன் புல் வெட்டினான். வெட்டின புல்லையே வெட்டினான். ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று, "இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால நின்ன மனுஷன், ஒரு போன் பண்ணலையேக்கா" என்றான். நம்பரை மாற்றினவன் நீதானே என்று கேட்க வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அயான் பிறந்தான். வீட்டில் சிரிப்பு திரும்பியது, கராஜ் மட்டும் திறக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அவன் கையெழுத்தில் ஒரு காகிதம்: மாடல் ஏரோப்ளேன், ரேடியோவுடன், இலவசம். பக்கத்து ஊர் ப்ளேனோவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறார் என்றான். ஏதோ பழைய சோபாவைத் தள்ளிவிடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அந்த ப்ளேன் போனால் அதோடு இவனும் கொஞ்சம் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா முடிந்து பிரியாணி என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அமீருன்னிசா வீட்டில் ட்ரையர் இருக்கிறது, ஆனால் அதில் பெட்ஷீட் தவிர எதையும் போடமாட்டாள். இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு எதற்குக் கரண்ட்டைக் கொட்ட வேண்டும் என்பாள். பின்பக்க வேலிக்கும் மரத்துக்கும் நடுவே நைலான் கயிறு கட்டி, டாலர் கடை மரக் க்ளிப்புகளைப் போட்டுத் துணி உலர்த்துவாள். அக்கம்பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். சாப்பிட்டு முடிக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் ஓடினேன். மீரான் கூடையோடு பின்னால் வந்தான்.

ஃபைஹாவின் பாவாடையில் இருந்த க்ளிப்பைக் கழற்றினேன். வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அதன் மேல் மங்கலாக ஏதோ நம்பர்.

"ஏன்டி, க்ளிப்புக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கே. எவன் திருடிட்டுப் போறான்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

ஜன்னல் வழியாக அமீருன்னிசா, அது எப்போதோ இவங்க சட்டைப் பையில் கிடந்தது, துவைக்கும்போது எடுத்துக் கூடையில் போட்டேன் என்றாள். மீரான் கூடையைக் கீழே வைத்தான். என் கையிலிருந்து க்ளிப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தான். முப்பத்தெட்டு. கடைசிச் சனிக்கிழமை பலகையில் மாட்ட மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு வருஷத்துக்கும் மேலாக அது அவன் வீட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மழை விழ ஆரம்பித்த பிறகும் அவன் நகரவில்லை.

உள்ளே வந்து ஈரத்தோடு உட்கார்ந்தான். இது பலகையில் இல்லாமல் டுவெய்ன் பறக்கவிட முடியாது என்றான். உடனே அவனே, புதுசு ஒண்ணு செய்து மாட்டியிருப்பார்கள் என்றான். பின்னே, ஒரு க்ளிப் என்ன பெரிய விஷயமா என்றேன் நான். இருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும், தபாலில் அனுப்பிவிடலாம் என்றான். தபாலில் க்ளிப் அனுப்பப் போகிற மூஞ்சியைப் பார் என்று நான் ஆரம்பித்தபோது அமீருன்னிசா குறுக்கே பேசினாள்.

"அந்த நெச ப்ளேன் விழுந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்களா? ஃபைஹாவ லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனப்பவே அந்த புக்கைப் பார்த்துட்டேன். உள்ள புருஷனும் பொண்டாட்டியும் இருந்தாங்க. நல்லா அடிபட்டுச்சு. ஆனா ரெண்டு பேரும் பொழச்சாங்க." பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நாம இன்னும் விழவேயில்ல. எதுக்கு இறங்கி உக்காந்திருக்கோம்?"

பயம் என்னோடதுதான், உங்கள் மேல் ஏற்றிவிட்டேன் என்று அவளே சொன்னாள். கயிற்றில் மாட்டினது நான், நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன், நாளைக்குக் காலையில் கிளம்புங்கள் என்றாள். அதுவரை ஒரு தடவைகூட அந்தப் புல்வெளிக்குப் போனவள் இல்லை.

காலையில் நானும் ஒட்டிக்கொண்டேன். வெறும் க்ளிப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறோம் என்று மீரான் மறுபடி மறுபடி சொன்னான். ஆனால் வேனுக்குப் பின்னால் மல்லிகன் இருந்தது. ஞாயிறு வருபவருக்குக் காட்ட, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா என்று விளக்கம் வேறு. ஃபைஹா என் காதோரம் குனிந்தாள்.

"ஹீ சார்ஜ்ட் த ரேடியோ ஆல் நைட், ஆன்ட்டி" என்றாள்.

முந்தின ராத்திரி இறக்கையைப் பூட்டும்போது மீரான் ப்ளேனின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்திருக்கிறான். நாலாவது சீட்டில் பஞ்சுக்கு வெள்ளைத் துணி சுற்றிய ஒரு குட்டி மூட்டை. அயான் பிறந்த வாரமே கராஜில் புகுந்து வைத்துவிட்டாளாம் ஃபைஹா. முகம் இல்லை, வீட்டுச் சட்டம் அவளுக்கும் தெரியும். அவன் அதை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தான்.

புல்வெளியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேன் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அமீருன்னிசா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்தாள். பலகையில் எல்லா நம்பர்களிலும் க்ளிப் இருந்தது. முப்பத்தெட்டில் மட்டும் வெறும் ஆணி.

மடக்கு நாற்காலியிலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மெதுவாக எழுந்தார். அமீருன்னிசா அவரிடம் போய், சாரி, என் ஹஸ்பன்டுடைய க்ளிப், தெரியாமல் துணிக்கு மாட்டிவிட்டேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கிலத்தில் சொல்லி நீட்டினாள். டுவெய்ன் அதை வாங்கிப் பார்த்தார். நல்லா வெளுத்திருக்கு என்றார்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார், கிளப்பில் புதுக் க்ளிப் செய்து மாட்டினார்களாம், டுவெய்ன் கழற்றிவிட்டாராம். வேறு நம்பருக்கு ரேடியோவை மாற்றிக்கொள் என்றாலும் கேட்கவில்லையாம். வாராவாரம் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவாராம். பிடிவாதக்காரர் என்றார்.

மீரான் கிட்டே போய் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல், புதுசு போட்டுப் பறக்க விட்டிருக்கலாமே என்றான். டுவெய்ன் டெக்ஸாஸ்காரர்களுக்கே உரிய நிதானத்தோடு பதில் சொன்னார். எனக்கு அதைத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"பலகையில க்ளிப் இல்லன்னா யாரோ மேல பறந்துக்கிட்டிருக்கான்னு அர்த்தம். அவன் இறங்கி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ரூல் அதுதான்."

போன் பண்ணினேன், அந்த நம்பர் இல்லை என்று வந்தது, அப்புறம் இங்கே காத்திருப்பது தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். மீரான் திரும்பிக்கொண்டு வேன் பக்கம் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவோடு வந்தான். நான் துடைத்துக்கொள்ளவில்லை, எனக்கு அதில் வெட்கம் கிடையாது. டுவெய்ன் அந்த வெளுத்த க்ளிப்பைத் தானே அவன் ஆன்டெனாவில் மாட்டிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

எஞ்சின் முதலில் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. மல்லிகன் புல்லில் குதித்து ஓடி எழும்பியது. வெள்ளையாக, ஜன்னல்களோடு, நாலு பேரோடு. கம்பத்தை நெருங்கும்போது டுவெய்ன் தாழ்ந்த குரலில் "டர்ன்" என்றார். அது அழகாகச் சாய்ந்து திரும்பியது. அமீருன்னிசா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. இறக்கியதும் மீரான் செய்த முதல் காரியம், க்ளிப்பைக் கழற்றி டுவெய்ன் கையில் வைத்ததுதான். அவன் கை தன் சட்டைப் பைப் பக்கம் போகிறதா என்று அமீருன்னிசா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ப்ளேனோக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து மணியடித்தார். ஆளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மீரான் அடுப்படியில் நின்று தவித்தான். வீண் அலைச்சல் கொடுத்துவிட்டோமே என்று அவனுக்குக் கூச்சம். அமீருன்னிசா அயானைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தில் பிரியாணி கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"சாரி பிரதர், கொடுக்க முடியாது" என்றாள். "நாலு சீட்டும் ஃபுல்."